சிவப்புத் தட்டு

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
குறை கண்டுபிடிப்பது.
ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் சில்லுகள்
உருப்பெருக்கியின் கீழ் வந்து போகும்.
கீறல், கறை, வளைந்த கால்.
இடுக்கியால் தூக்கிச்
சிவப்புத் தட்டில் போட்டுவிடுவேன்.
பதினான்கு வருடம். தப்பவிட்டது குறைவு.

சுங்கை பட்டாணியில் எங்கள் சபை
நிலம் யார் பெயரில் என்று கேட்டு இரண்டானது.
ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலி பறந்தது.
அதற்குக் கால் மணி முன்புதான்
சமாதானம் சமாதானம் என்று
ஒருவருக்கொருவர் கை கொடுத்திருந்தோம்.
அக்காவும் நானும் எதிரெதிர் வரிசை.
நான் பாலம் கடந்து தீவுக்கு வந்துவிட்டேன்.

புதுச் சபை பார்க்க வேண்டும்.
நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன்:
பிரசங்கம், பாட்டு, ஜனங்கள், கழிப்பறை,
கார் நிறுத்த இடம்.

முதலாவது, பேரங்காடி மாதிரி ஒன்று.
குளிரில் பல் அடித்தது.
வாசலில் ஒரு பையன் பெயர் கேட்டு
எழுதி நெஞ்சில் ஒட்டினான்.
அடுத்த வாரமும் அதே சிரிப்பு,
அதே கேள்வி.

மூன்றாவது கல் கட்டடம், வண்ணக் கண்ணாடி.
நான் உட்கார்ந்த பெஞ்சில் பித்தளைத் தகடு,
செத்துப்போன யாரோ ஒருவரின் பெயர்.
அவர் வீட்டு அம்மாள் வந்து
பக்கத்தில் பேசாமல் நின்றாள்.
எழுந்துகொண்டேன்.

ஐந்தாவதில் ஒரு தீர்க்கதரிசி
கடல் கடந்தால் உனக்குக் கல்யாணம் என்றார்.
கடலைக் கடந்துதான் ஐயா வந்தேன்,
கல்யாணத்தையும்.

ஏழாவது, சுங்கை பினாங்கு ஓரம்,
மெங் டயர் கடையின் மேல்மாடி.
கண்ணை மூடினால் ரப்பர் வாசம்.
கீபோர்டு அரைச் சுருதி கீழே.
பாஸ்டர் ஜெபஞானம் வசனம் தேடிப்
பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு
'எங்கேயோ இருக்கிறது' என்று மேலே போனார்.
நோட்டில் ஒரே சொல்: சிவப்பு.

குடையை அங்கே மறந்துவிட்டேன்.
அதை எடுக்கத்தான் சனிக்கிழமை போனேன்.
மழை, கடல் ஏற்றம் வேறு,
ஆறு வந்த வழியே திரும்பி நடந்தது.
நான் படியைத் தொடும்போது தண்ணீர் முழங்கால் அளவு.
கடைக்குள் மெங் ஒண்டியாக
மிதக்கும் டயர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு ஒத்திகைக்கு வந்த ஒன்பது பேர்.
யாரும் யாரையும் கேட்கவில்லை,
படிக்கட்டில் வரிசை நின்றுவிட்டது.
எனக்கும் ஒரு டயர் வந்தது.
வாங்கினேன். கொடுத்தேன்.
மேல்படிப் பெண்ணின் பெயர் எப்சிபாள் என்பது
இருபதாவது டயரில்தான் தெரிந்தது.
என் பெயரை அவள் கேட்கவே இல்லை.

கடைசியில் மெங் தன் சிவப்புச் சாமிமாடத்தைத்
தலைக்கு மேல் தூக்கியபடி
படியடியில் வந்து நின்றார்.
வரிசையும் நின்றது.
எப்சிபாள் பாஸ்டரைப் பார்த்தாள்.
பாஸ்டர் மேலே பார்த்தார்,
கீழே தண்ணீரைப் பார்த்தார்,
இறங்கி வந்து மாடத்தை வாங்கிப்
படி திரும்புகிற மூலையில் வைத்தார்.
நனையாத மூலை.
வசனம் எதுவும் தேடவில்லை.

மறுநாள் ஆராதனை டயர்களுக்கு நடுவே.
பிரசங்கம் அன்றும் சுமார்தான்.
கீபோர்டை யாரும் சரிசெய்திருக்கவில்லை.
மெங் தன் சரக்கின் மேலேயே சாய்ந்து
வாய் திறந்து தூங்கினார்.
மாடி எதற்கு என்று
என் நோட்டில் கட்டம் இல்லை.

திங்கட்கிழமை, கையுறைக்குள்,
தேய்த்தும் போகாத டயர்க் கறுப்பு.
சூபர்வைசருக்குத் தெரியாது.
அன்று ஒரு சில்லைத் தூக்கி
வெகுநேரம் பிடித்திருந்தேன்,
எந்தத் தட்டு என்று கை சொல்லாமல்.

குடை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரவு அக்காவுக்குப் போன் போட்டேன்.
அடித்து அடித்து நின்றது.
நாளைக்கும் போடுவேன்.
அந்த நாற்காலி
எங்கள் வரிசையிலிருந்துதான் பறந்தது.
யார் கையிலிருந்து என்று
இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.